காதுகுத்துச் சீரில் வந்த டிவி கேம்

பெரியப்பா, நீங்கள் சொன்னது பொய். முப்பது வருஷத்துக்கு மேலாக அதே பொய்யைச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். போன மாதமும் சொன்னீர்கள்.

என் தங்கச்சி மகனுக்குக் காது குத்துவது பற்றிப் பேச உங்கள் வீட்டில் கூடியிருந்தோம். பையனுக்கு மூன்று வயது. யார் என்ன வாங்குவது என்று பேச்சு வந்தபோது உங்கள் பேரன், "குட்டிப்பயலுக்கு நான் ஒரு வீடியோ கேம் வாங்கித் தாரேன்" என்றான். நீங்கள் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சொன்னீர்கள்.

"அந்தச் சனியன் மட்டும் ஆகாதுடா. இவளுக்கு இவ மாமன் அப்படி ஒண்ண வாங்கியாந்துதான காதக் கெடுத்துப்புட்டான்."

தங்கச்சி உங்களுக்கு எதிரே, பையனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எங்கே கேட்கப்போகிறது என்று நினைத்தீர்கள். உண்மைதான், அவளுக்குக் கேட்கவில்லை. மற்றவர்கள் பேசினால் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். வெற்றிலை போட்ட உங்கள் வாயை மட்டும் அவளால் படிக்க முடியாது. ஆனால் ஹாலில் இருந்த அத்தனை முகமும் ஒரே நேரத்தில் அவள் பக்கம் திரும்பியது. அவள் என்னைப் பார்த்து, என்னவாம் என்று கையால் கேட்டாள். நான் சொன்னேன். ஒரு வார்த்தைகூட மறைக்கவில்லை. அவள் பையனைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

அன்றே பேசியிருப்பேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எழுதும்போது யாரும் கையைப் பிடிக்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

என் வயதுக்காரர்களே, இதை நீங்களும் படிக்க வேண்டும். நமக்கெல்லாம் நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. முட்டி வலிக்கிறது. சிலர் பேரன் பேத்தி எடுத்துவிட்டீர்கள். சின்னப்பிள்ளைக்கு வீடியோ கேம் வாங்கிக் கொடுக்கலாமா, கண் போகுமா, புத்தி போகுமா என்று வாட்ஸப்பில் அடித்துக்கொள்கிறீர்கள். நான் ஒரு கதை வைத்திருக்கிறேன். அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்லும் கதை இல்லை. எங்கள் வீட்டில் அது பொற்காலமாக இருக்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். அருப்புக்கோட்டையில் எங்கள் தெரு முழுக்க விசைத்தறி. பெரியப்பாவின் பட்டறை வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. பெரியப்பா முதலாளி. அவருடைய தம்பியான என் அப்பா அதே பட்டறையில் மேற்பார்வை. ஒரே சுவருக்குள் இரண்டு வீடு. பெரிய வீடு அவர்களுக்கு, பின்வீடு எங்களுக்கு.

தறிச் சத்தம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அது விடிந்ததும் தொடங்கும். கரண்டு இருக்கும்வரை நிற்காது. சுவர் அதிரும், அலமாரியில் டம்ளர் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுக்கும். எங்கள் தெருவில் யாரும் மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. பட்டறைக்குள் அதுவும் கிடையாது, எல்லாம் கைச்சாடைதான். கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்தால் டீ. ஒரு விரலைச் சுழற்றினால் நூல் தீர்ந்துவிட்டது. உள்ளங்கையைக் கவிழ்த்தால் தறியை நிறுத்து. தறி ஓட்டுகிறவர்கள் வீட்டுக்குப் போயும் பெண்டாட்டியிடம் சாடையில் சோறு கேட்பார்கள் என்று கேலி செய்வோம்.

அப்படிப்பட்ட தெருவில்தான் என் தங்கச்சி வளர்ந்தாள். அவள் மூன்று வயதில் நான்கைந்து வார்த்தைதான் பேசினாள். அதுவும் தெளிவில்லை. மற்றபடி கைதான். தண்ணீர் வேண்டும் என்றால் கட்டைவிரலைச் சாய்ப்பாள். அழுகையை நிறுத்து என்று பொம்மையைப் பார்த்து உள்ளங்கையைக் கவிழ்ப்பாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்போம்.

"பாருங்க, பட்டறைக்கு ஆள் ரெடி" என்பார் பெரியப்பா. "இவளுக்கு ரெண்டு தறியத் தனியா எழுதி வைக்கணும்."

பேச்சு வரவில்லையே என்று யாராவது கேட்டால், "அவ அப்பனும் அஞ்சு வயசுலதான் வாயத் தொறந்தான்" என்பார். அப்பா தலையாட்டுவார். பெரியப்பா எது சொன்னாலும் அப்பா தலையாட்டுவார். தறிச் சத்தத்தில் யாருக்குமே பாதிதான் கேட்கும் தெருவில், காது கேட்காத பிள்ளையை எப்படிக் கண்டுபிடிப்பது? சாடையில் பேசும் பட்டறைக்குப் பக்கத்தில், சாடையில் பேசும் பிள்ளை யாருக்கு வித்தியாசமாகத் தெரியும்?

அம்மாவுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. அம்மா அவளைப் பெயர் சொல்லி அழைக்க மாட்டாள். போய்த் தொடுவாள். தூரத்தில் இருந்தால் தரையை ஓங்கி மிதிப்பாள். அந்த அதிர்வில் தங்கச்சி திரும்புவாள். ஏன் அப்படிச் செய்கிறாய் என்று நான் கேட்டதில்லை. அம்மா அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பங்குனியில் தங்கச்சிக்குக் காதுகுத்து வைத்தார்கள். திருச்சுழிக்குத் தெற்கே, சீமைக்கருவேலங்காட்டுக்குள் எங்கள் குலசாமி. லாரி பிடித்துப் போனோம். அம்மாவின் தம்பி சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தார். லீவு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். அவருக்குப் பந்தல்குடிப் பக்கம் ஒரு சின்ன ஊர். அவர் அப்பா கூலிக்குக் களை வெட்டியவர். அம்மா வீட்டு ஆட்களைப் பெரியப்பா எப்போதும் கொஞ்சம் தள்ளித்தான் உட்கார வைப்பார்.

அன்று அவர்கள் தள்ளி உட்காரவில்லை. தாய்மாமன் சீர் மேளத்தோடு வந்தது. பட்டுப் பாவாடை, வெள்ளிக் கொலுசு, பழம், தேங்காய், வளையல், எல்லாம் தாம்பாளத்தில். கடைசித் தாம்பாளத்தில் வாழைப்பழச் சீப்புக்கும் கற்கண்டுக்கும் நடுவில் ஒரு அட்டைப்பெட்டி. அதன்மேல் கலர் கலராக விமானம், டாங்கி, துப்பாக்கி. நான்கு மூலையிலும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்திருந்தார்கள்.

பெரியப்பா மைக்கைப் பிடித்துச் சீரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அந்தப் பெட்டியில் வந்து நின்றார்.

"இது என்ன மாப்ள?"

"டிவி கேமு அத்தான். டிவில மாட்டி வெளாடுறது."

"மூணு வயசுப் பிள்ள வெளாடுறதா?"

மாமா சிரித்தார். "கடையில கேட்டேன் அத்தான். பிள்ளைகளுக்கு இப்ப இதான் ஒசத்தின்னான்."

கூட்டத்தில் யாரோ, "அருப்புக்கோட்டையிலயே இது எவன்கிட்டயும் இல்லப்பா" என்றார். அது மைக்கிலும் கேட்டது. பெரியப்பாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவர் பிள்ளைக்குச் செய்து போட்ட தங்கச் சங்கிலியைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை.

மாமா செய்தது சரியா? இல்லை. இதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். மூன்று வயதுப் பிள்ளைக்கு டிவி கேம் எதற்கு? அதன் விரல் பட்டனுக்கு எட்டாது. அதற்கு மணலும் தண்ணீரும் ஒரு காலி டப்பாவும் போதும். மாமா தங்கச்சியை அதற்கு முன் பார்த்ததே இல்லை. அவர் போன பிறகு பிறந்தவள். பார்க்காத பிள்ளைக்கு, கடைக்காரன் காட்டியதை வாங்கி வந்துவிட்டார். சீர் என்பது பிள்ளைக்குக் கொடுப்பது மாதிரிதான் இருக்கும், சபைக்குக் கொடுப்பதுதான். அவருக்கும் சபையில் நிமிர்ந்து நிற்க ஆசை. இது தப்பு என்றால் தப்புத்தான். ஆனால் இந்தத் தப்புக்கு அவர் கொடுத்த விலை வேறு.

தங்கச்சியை மாமா மடியில் வைத்து மொட்டையடித்தார்கள். காதில் ஊசி இறங்கியபோது அழுதாள். அது முடிந்து, கோயில் வாசலில் வேட்டு வைத்தார்கள். பத்து அடி தூரம்கூட இருக்காது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். மடியில் இருந்தவள் கற்கண்டை நக்கிக்கொண்டிருந்தாள். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"சிங்கக்குட்டிடா!" என்றார் பெரியப்பா. "என் தம்பி மக வேட்டுக்கே அசையல பாரு!"

எல்லாரும் கை தட்டினார்கள். மாமா மட்டும் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். அடுத்த வேட்டு வெடிக்கும்போதும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டுப் பந்தியில் அம்மாவிடம் போய், "அக்கா, பிள்ள வேட்டுக்குத் திரும்பவே மாட்டேங்குதே" என்றார்.

அம்மா அவர் இலையில் இன்னொரு கரண்டி சாம்பாரை ஊற்றினாள். "சாப்புடுடா" என்றாள். பக்கத்தில் பெரியம்மா இருந்தாள்.

மாமா சிங்கப்பூருக்குத் திரும்பிவிட்டார். பெட்டி பெரிய வீட்டுக்குப் போனது.

"கலர் டிவிலதான் ஓடும்" என்றார் பெரியப்பா. எங்கள் வீட்டில் கறுப்பு வெள்ளை. அதிலும் ஓடியிருக்கும் என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத் தெரிந்தது. அவருக்குத் தெரிந்துதான் சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது.

மரக்கதவு வைத்த டிவி. கதவை இரண்டு பக்கமும் தள்ளித் திறந்து, பின்னால் ஒயரைச் செருகி, சேனலைத் திருகிக்கொண்டே போக வேண்டும். பொரி பறக்கிற மாதிரி ஓடிக்கொண்டிருக்கும் திரையில் ஏதோ ஒரு இடத்தில் சட்டென்று படம் வந்து நிற்கும். கேசட் மக்கர் பண்ணினால் கழற்றி, அடியில் ஊதி, மறுபடி செருகுவோம். ஊதினால் ஏன் ஓடியது என்று நம்மில் யாருக்கும் தெரியாது. எல்லாரும் ஊதினோம். அடாப்டர் சுட்டுப்போய்ப் பிளாஸ்டிக் வாடை அடிக்கும். அந்த வாடை இப்போதும் எங்காவது வந்தால் எனக்கு அந்த ஹால்தான் ஞாபகம் வரும்.

யார் விளையாடினார்கள் என்று கேளுங்கள். பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து கரண்டு போகும்வரை. அவனுடைய கூட்டாளிகள். பட்டறைக்கு நூல் கொண்டுவரும் ஆட்கள். வசூலுக்கு வருகிறவர்கள். பிறகு பெரியப்பாவே. அதில் ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி உண்டு. திரையில் பறவை பறக்கும், சுட வேண்டும். பெரியப்பா பனியனோடு நின்று ஒற்றைக் கண்ணை மூடிக் குறி பார்ப்பார். ஒன்றும் விழாது. கடைசியில் கிட்டப்போய்த் துப்பாக்கியைத் திரையிலேயே ஒட்டவைத்துச் சுட்டார். எல்லாம் விழுந்தது.

"பாத்தியா, ஒண்ணு தப்பிச்சுச்சா?" என்றார்.

"அது கள்ள ஆட்டம்ப்பா" என்றான் அண்ணன்.

"ஏலே, சுட்டமா விழுந்துச்சான்னு பாரு. எங்க நின்னு சுட்டா உனக்கென்ன?"

அவர் வாழ்க்கை முழுக்க அப்படித்தான் சுட்டார்.

யாருடைய காதுகுத்துக்கு அது வந்ததோ, அவளுக்கு ஒயர் செருகாத ரிமோட்டைக் கையில் கொடுத்து உட்கார வைத்தார்கள். நீங்களும் உங்கள் தம்பி தங்கைக்கு இதைச் செய்திருப்பீர்கள். அவள் பட்டனை அமுக்கிக்கொண்டே இருப்பாள், அண்ணன் விளையாடுவான், "பாரு, நீதான் ஓட்டுற" என்பான். கொஞ்ச நாள்தான் ஏமாந்தாள். ஒருநாள் ரிமோட்டிலிருந்து ஒயரைத் தடவிக்கொண்டே போனாள். அதன் முனை சோபாவுக்கு அடியில் சும்மா கிடந்தது. அண்ணனுடையதைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தன்னுடையதைச் செருகினாள். பெட்டிக்குள் செருகும்போது அண்ணனைப் பார்த்து உள்ளங்கையைக் கவிழ்த்தாள். தறியை நிறுத்து.

"இவ பொம்பளையா, பேயா?" என்று அண்ணன் கத்தினான். நான் சிரித்த சிரிப்பில் எனக்கு விக்கல் வந்துவிட்டது.

அதன் பிறகு மதியத்தில் அவளுக்கும் ஒரு முறை கிடைத்தது. ரோட்டில் கார் ஓட்டும் ஆட்டம் ஒன்று. எதிரே லாரி வரும். இடமோ வலமோ ஒதுங்க வேண்டும், அவ்வளவுதான். லாரி வருவதற்கு முன்னால் ஹாரன் அடிக்கும்.

அந்த மதியத்துக்குத்தான் வருகிறேன்.

சித்திரை வெயில். பெரியப்பா உள்ளறையில் படுத்திருந்தார். தறிச் சத்தத்தில் குறட்டை விடுவார், ஆனால் கேம் சத்தம் கேட்டால் எழுந்துவிடுவார். அதனால் பெரியம்மா வந்து டிவிச் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டுப் போனாள். அண்ணன் விளையாடினான். முட்டினான். மறுபடி விளையாடினான். மறுபடி முட்டினான்.

"ஹாரன் கேக்காம எப்படிடி ஓட்டுறது?" என்று ரிமோட்டைப் போட்டான்.

தங்கச்சி எடுத்தாள். ஒதுங்கினாள். மறுபடி ஒதுங்கினாள். சத்தம் இருந்த நாட்களில் எப்படி ஓட்டினாளோ அப்படியே ஓட்டினாள். திரையின் உச்சியில் லாரியின் நிழல் ஒரு கோடு மாதிரி தெரியும். அவள் அதைத்தான் பார்க்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அவள் ஹாரனை எப்போதுமே கேட்டதில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. ஏன் செய்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. எழுந்துபோய் டிவிச் சத்தத்தை ஒரே திருகாகக் கடைசிவரைக்கும் வைத்தேன்.

அண்ணன் துள்ளி எழுந்தான். அடுக்களையில் பெரியம்மா கையிலிருந்து ஏதோ விழுந்தது. உள்ளறையிலிருந்து பெரியப்பா, "எவடி அவ!" என்று கத்திக்கொண்டு வேட்டியைப் பிடித்தபடி வந்தார். தங்கச்சி லாரிக்கு ஒதுங்கிக்கொண்டிருந்தாள். அவள் முகம் மாறவே இல்லை.

"பெரியப்பா, இவளுக்குக் காது கேக்கல" என்றேன்.

அறைந்தார். கன்னத்தில் அல்ல, காதோடு சேர்த்து. எனக்கே கொஞ்ச நேரம் எதுவும் கேட்கவில்லை.

"பொம்பளப்பிள்ளைக்கு அந்தப் பேர வைக்கிறியா? நாளப்பின்ன எவன்டி கட்டுவான்? வாயில நல்ல வார்த்தை வராது?"

பெரியம்மா சத்தத்தைக் குறைத்தாள். பின்வீட்டிலிருந்து அம்மா ஓடி வந்து நிலைப்படியில் நின்றாள். அம்மா பெரியப்பாவிடம் நேராகப் பேச மாட்டாள். எங்கள் வீட்டில் தம்பி பெண்டாட்டி பேசக் கூடாது. பெரியம்மாவைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"அக்கா, பிள்ளைய ஒருதடவ மதுரைக்குக் கூட்டிப்போயிக் காட்டிட்டு வரட்டுமான்னு அவுககிட்ட கேளுங்களேன்."

பெரியப்பா பெரியம்மாவைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "மதுரைல காட்டுனா ஊரு முழுக்கத் தெரியும். எனக்கும் ரெண்டு பொண்ணு நிக்கிதுன்னு அவகிட்டச் சொல்லு."

அதுதான் விஷயம். அது எனக்கு அப்போது புரியவில்லை, இப்போது புரிகிறது. ஒரு வீட்டில் பிறவியிலேயே ஒரு பிள்ளைக்குக் காது கேட்காது என்றால், அந்த வீட்டில் பெண் எடுக்க யோசிப்பார்கள். அவருடைய இரண்டு பெண்களும் அப்போது தாவணி போட்டிருந்தார்கள்.

ஆனால் கேட்கவில்லை என்பதை அதற்குமேல் மூடி வைக்கவும் முடியவில்லை. அண்ணனே தெருவில் சொல்லிவிட்டான். ஆகவே பெரியப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். திரையிலேயே துப்பாக்கியை ஒட்டவைத்துச் சுட்டார்.

"எப்பப் பாத்தாலும் அதுக்கு முன்னாடியே கெடந்தா காது என்னத்துக்கு ஆகும்? அந்தச் சத்தம் பிள்ளையோட காத அடச்சுருச்சு. அவ மாமன் செஞ்ச வேலை."

தறிக்கு நடுவில் வாழும் தெரு அதை நம்பியது. காலையிலிருந்து கரண்டு போகும்வரை சுவரே அதிரும் சத்தத்தில் குடியிருந்துகொண்டு, ஒரு பிளாஸ்டிக் பெட்டியின் கீச்சுச் சத்தம் பிள்ளையின் காதை அடைத்துவிட்டது என்று நம்பினார்கள். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. அந்தப் பெட்டிதான் எங்கள் வீட்டில் முதன்முதலாக உண்மையைச் சொன்னது. அதற்குத்தான் தண்டனை.

பட்டறைக்குப் பின்னால் ஒரு கிணறு. சித்திரைக்கே வற்றிவிடும். பெரியப்பா பெட்டியையும் ரிமோட்டையும் துப்பாக்கியையும் கேசட்டையும் ஒயரோடு சுருட்டி, நாலு பேர் பார்க்க அதில் போட்டார். தண்ணீர் இல்லாததால் அது மூழ்கவில்லை. அடியில் பாறைமேல் உடைந்து கிடந்தது. எட்டிப் பார்த்தால் தெரியும். தங்கச்சி தினமும் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்ப்பாள். உள்ளே விழுந்துவிடுவாளோ என்று நான் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். என்னைத் திரும்பிப் பார்த்து, எடுத்துத் தா என்று கையை நீட்டுவாள். ஐப்பசி மழையில் தண்ணீர் ஏறி அதை மறைத்தது. அதற்குப் பிறகும் போய்ப் பார்த்தாள்.

பெட்டி போய்விட்டது. காது திரும்பி வந்ததா? யாரும் கேட்கவில்லை. பெட்டிமேல் பழியைப் போட்டாயிற்று, இனி பிள்ளையைப் பார்க்க வேண்டியதில்லை.

அடுத்த முறை மாமா வந்தபோது வாசலிலேயே நிறுத்தினார் பெரியப்பா.

"உன் சீரெல்லாம் போதும் மாப்ள. இனி இந்தப் படி ஏறாத."

"என்ன அத்தான் செஞ்சேன்?"

"நீ வாங்கியாந்த பொட்டிதான் பிள்ள காத வாங்கிருச்சு. போ."

மாமா அந்த வெயிலில் நின்றார். கையில் தங்கச்சிக்கு வாங்கிய செருப்பு இருந்தது. அப்பா பட்டறைக்குள் போய்விட்டார். அம்மா உள்ளே நின்று அழுதாள்.

தங்கச்சி பள்ளிக்கூடம் போனாள், கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள், மக்குப்பிள்ளை என்று பெயர் வாங்கினாள். அவளுக்கு ஏழு வயதானபோது அம்மா, திருச்சுழி கோயிலுக்கு நேர்த்திக்கடன் என்று பெரியம்மாவிடம் சொல்லிவிட்டு எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டில் மாமா நின்றார். நாங்கள் ஏறியது மதுரை பஸ்ஸில்.

காது டாக்டர் அவளை ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து ஏதேதோ செய்து பார்த்தார். வெளியே வந்து, "பொறந்ததுல இருந்தே குறைச்சல்தான். மெஷின் வச்சா கொஞ்சம் கேக்கும். மூணு வயசுல வந்திருந்தா பேச்சு நல்லா வந்திருக்கும். இத்தனை வருஷம் என்ன பண்ணுனீங்க?" என்றார்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். மாமா எழுந்து நின்றார்.

"சார், நான் ஒரு டிவி கேம் வாங்கிக் குடுத்தேன். அதனால வந்துச்சா சார்?"

"என்னது?"

"டிவி கேமு சார். காதுகுத்துக்கு."

"அதுக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம்?"

"இல்லையா சார்?"

"இல்லங்கிறேன்ல."

"இன்னொரு தடவ சொல்லுங்க சார்."

டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மெதுவாக, பிள்ளைக்குச் சொல்வது மாதிரி, "அதனால வரல" என்றார்.

அவ்வளவு வருஷமும் அந்த மனுஷன், தான்தான் தன் அக்கா மகளின் காதை அழித்ததாக நம்பிக்கொண்டு சிங்கப்பூரில் கல் சுமந்திருக்கிறார். ஆஸ்பத்திரி வாசலில் எங்களுக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார். தன் டீயைக் கையிலேயே ஆற வைத்துக்கொண்டு நின்றார். தங்கச்சி அவர் விரலைப் பிடித்துக்கொண்டு, பஸ் ஹாரன் அடிக்கும்போதெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவள் காதில் புது மெஷின்.

அதை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது பெரியப்பா என்ன சொன்னார் தெரியுமா? "முன்வாசல்ல நிக்கும்போது அதக் கழத்தி வைக்கச் சொல்லு."

டாக்டர் சொன்னதை அம்மா பெரியம்மாவிடம் சொன்னாள். பெரியம்மா அவரிடம் சொன்னாள். ஆகவே உங்களுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது, பெரியப்பா. தெரிந்தே சொன்னீர்கள். பெண்களைக் கட்டிக்கொடுக்கும்வரை சொன்னீர்கள் என்றால், சரி, பயம் என்று விட்டுவிடுவேன். அவர்களைக் கட்டிக்கொடுத்து, அவர்கள் வழியில் பேரப்பிள்ளைகளையும் பார்த்தாயிற்று. இன்னும் எதற்குச் சொல்கிறீர்கள்? நிறுத்தினால், பிள்ளையை மதுரைக்குக் கூட்டிப்போக விடாதது யார் என்ற கேள்வி வரும். அதற்குத்தானே?

என் தங்கச்சிக்குப் பேச்சு முழுதாக வரவில்லை. ஆனால் அவள் இன்று தறிக்குச் சேலை டிசைன் கம்ப்யூட்டரில் போடுகிறாள். கல்யாணம் ஆனது, பிள்ளை பிறந்தது. அவள் யாரிடமும் பரிதாபம் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறாள். அவள் மகனை அவளுடைய மாமா மடியில் வைத்துக் காது குத்த வேண்டும். எங்களுக்குக் கூடப் பிறந்தவன் இல்லை. முறைப்படி பார்த்தால் உங்கள் மகன் மடி. அவன் சம்மதித்துவிட்டான். "மாமாவே உக்காரட்டும், நான் வெளாடுன கேமுதான அது" என்றான். அவனுக்கு இருக்கும் நேர்மை உங்களுக்கு இல்லை.

மாமாதான் வர மாட்டேன் என்கிறார். வயதாகிவிட்டது, ஊரில் ஆடு மேய்க்கிறார். நான் போய்க் கூப்பிட்டேன்.

"நான்தான் காதக் கெடுத்தேன்னு சொல்ற சபையில, அவ மகனை எப்படிம்மா மடியில வாங்குறது? பாக்குறவுக என்ன நெனப்பாக?"

என் வயதுக்காரர்களே, கேட்டீர்களே, சின்னப்பிள்ளைக்கு வீடியோ கேம் கொடுக்கலாமா என்று. நான் கொடுக்க மாட்டேன். மூன்று வயதுக்கு அது வேண்டாம். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒயரைச் செருகிக் கொடுங்கள், பக்கத்தில் உட்காருங்கள், பெட்டியைப் பார்க்காமல் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். பேசவில்லையா, திரும்பவில்லையா, தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடுங்கள். பெட்டியைக் கிணற்றில் போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்ப் படுக்காதீர்கள். இப்போதும் போனைப் பிடுங்கி வைத்துவிட்டு, எல்லாம் சரியாகிவிடும் என்று உட்கார்ந்திருக்கிற வீடுகள் எனக்குத் தெரியும்.

பெரியப்பா, தை மாதம் அதே குலசாமி கோயில். மைக் உங்கள் கையில்தான் வரும். சீர் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லுங்கள்: டிவி கேமால் இவள் காது போகவில்லை, இவள் மாமன் எந்தப் பாவமும் செய்யவில்லை, பிள்ளையை டாக்டரிடம் காட்ட விடாதது நான்தான். என்னிடம் தனியாகச் சொல்ல வேண்டாம். அம்மாவிடம் ஆள் விட வேண்டாம். மைக்கில் சொல்லுங்கள். நான் எழுதியது பொய் என்றால் அதையும் அதே மைக்கில் சொல்லுங்கள், எதிரிலேயே நிற்கிறேன்.

தங்கச்சியும் உங்களுக்கு நேர் எதிரே நிற்பாள். உங்கள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள். வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொல்லுங்கள்.